சிறு தொலைவில்லையும் காட்டுப் பறவைகளும்: ஒளி, தூரம், பதிவு பற்றிய சில குறிப்புகள்

இலங்கைப் பறவைகள் பற்றிய நவீன அறிவு துப்பாக்கியின் வழியே தொடங்கிய ஒன்றாகும். பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியான வின்சன்ற் லெக் 1878ஆம் ஆண்டிற்கும் 1880ஆம் ஆண்டிற்கும் இடையில் வெளியிட்ட பெருநூல் இன்றும் ஆய்வாளர் எடுத்துப் பார்க்கும் நூலாகவே இருந்து வருகின்றது. அதன் வண்ணப்படங்களை வரைந்த ஒல்லாந்த ஓவியர் கொயில்மன்ஸ், பதப்படுத்தப்பட்ட தோல்களைத் தம்முன் வைத்து வரைந்தவர். சுடுதல், தோலுரித்தல், அரும்பொருட்சாலைக்கு அனுப்புதல் என்ற மூன்று செயல்களின் முடிவிலேயே அக்காலத்தில் ஒரு பறவை அறிவுலகினுட் புகுந்தது. இம்மூன்றையுஞ் செய்வதற்கு வேண்டிய பணமும் அதிகாரமும் யார் கையில் இருந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை. பறவை இருக்கும் இடத்தைக் காட்டிய உள்ளூரார் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர்.

துப்பாக்கியின் இடத்தைக் கமெரா பிடித்துக்கொண்டமை ஒரு முன்னேற்றமே. இங்கிலாந்தின் யோக்சயர் மலைக்கிராமம் ஒன்றிற் பிறந்த றிச்சட் கியட்டன், செரி கியட்டன் என்னும் சகோதரர் 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படம்பிடித்தனர். 1895இல் அவர்கள் வெளியிட்ட நூல், முற்றிலும் ஒளிப்படங்களால் விளக்கப்பெற்ற முதலாவது இயற்கை நூலெனக் கருதப்படுகின்றது. உள்ளீடற்ற மாட்டுருவம் ஒன்றைச் செய்து அதனுள் ஒளிந்திருந்து அவர்கள் படமெடுத்தமை இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் அது வேடிக்கையன்று. அவர்களிடமிருந்த வில்லைகள் தூரத்தை எட்டவல்லன அல்ல. வில்லை செய்ய இயலாததை மாட்டுருவம் செய்தது.

பின்னர் வில்லைகள் நீண்டன, பருத்தன, விலை ஏறின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பறவை ஒளிப்படம் என்பது மூன்று, நான்கு கிலோகிராம் எடையுள்ள வில்லை, அதைத் தாங்கும் முக்காலி, அவற்றை ஏற்றிச் செல்லும் வாகனம் ஆகியன உடையோரின் துறையாயிற்று. நமது நாட்டில் இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கெனப் பலராலும் கருதப்படுவதற்கு இதுவே காரணமாகும். அக்கருத்து அக்காலத்தைப் பொறுத்தவரையில் தவறானதுமன்று. ஆயின் கடந்த இரு தசாப்தங்களில் கைக்கு அடக்கமான தொலைவில்லைகள் பரவத் தொடங்கியதன் பின் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. இச்சிறு கருவிகள் எதனைத் தருகின்றன, எதனைப் பறிக்கின்றன, பறித்ததை எதைக்கொண்டு ஈடு செய்யலாம் என்பவற்றையே இங்கு ஆராய விழைகின்றோம்.

முதலில் ஒளியியல். ரெலிபோட்டோ வில்லை என்பது வெறுமனே நீண்ட வில்லை அன்று. முன்னே குவிவு வில்லைத் தொகுதி ஒன்றும், அதற்குச் சற்றுப் பின்னே குழிவு வில்லைத் தொகுதி ஒன்றும் அமையும்போது, குவியும் கதிர்கள் சற்று விரிந்து, மிகத் தொலைவிலிருந்து குவிந்து வருவனபோல விம்பத்தை உண்டாக்குகின்றன. இதனால் வில்லையின் உடல் நீளம் அதன் குவியத்தூரத்திலும் குறைவாகின்றது. 1891ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தோமஸ் டல்மேயரும் ஜேர்மனியில் மீத்தே, ஸ்ரைன்ஹைல் என்போரும் தனித்தனியே இவ்வமைப்பைக் கமெராவிற்கு ஏற்றவாறு உருவாக்கினர். அக்காலத்து வில்லைகள் மங்கலான விம்பத்தையே தந்தன. பறக்கும் பறவைக்கு அவை பயன்படவில்லை. எனினும் சுருக்கத்தின் விதை அங்கேயே இருந்தது.

அதன் பின்னர் சுருக்கம் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது ஆடி வழி. சோவியத் ஒளியியலாளரான மக்சுத்தோவ் 1941இல் வகுத்த தொலைநோக்கி அமைப்பைத் தழுவிய ஆடிவில்லைகள் பிற்காலத்தில் சோவியத் ஆலைகளிலிருந்து மலிவான விலையில் வெளிவந்தன. ஒளிக்கதிர் குழலினுள் முன்னும் பின்னுமாக மடிந்து செல்வதால் 500 மி.மீ. குவியத்தூரமுள்ள வில்லையும் தடித்த குவளை ஒன்றின் அளவில் அடங்கிவிடும். ஆயின் அதன் துவாரத்தை மாற்ற இயலாது. நீர்ப்பரப்பில் மின்னும் ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் குவியத்திற்கு வெளியே சிறு வளையமாக மாறிவிடும். களப்பைப் பின்னணியாகக் கொண்ட படமொன்றில் இவ்வளையங்கள் பறவையை விழுங்கிவிடுவதைக் காணலாம்.

இரண்டாவது வழி கோணல் வழி. கண்ணாடியில் ஒளி முறிவடையும்போது நீலநிறம் அதிகமாகவும் செந்நிறம் குறைவாகவும் வளையும். நுண்ணிய வரிப்பள்ளங்களால் ஒளி கோணலடையும்போது இது தலைகீழாகும். இரண்டையும் ஒருங்கு சேர்த்தால் ஒன்றின் நிறப்பிறழ்வை மற்றொன்று நீக்கிவிடுகின்றது. அதற்கெனப் பல கனத்த கண்ணாடிகளைச் சேர்க்கும் தேவை அற்றுப்போகின்றது. கனொன் நிறுவனம் 2001இல் இவ்வகையான 400 மி.மீ. வில்லையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நிக்கொன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 300 மி.மீ. வில்லை 755 கிராம் எடையுடையது. அதே குவியத்தூரமும் துவாரமுங் கொண்ட அதன் முந்திய வில்லை 1,440 கிராம். 2018இல் வெளிவந்த 500 மி.மீ. வில்லையின் நீளம் 237 மி.மீ. மட்டுமே, எடை 1,460 கிராம். வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒளிமூலங்களைச் சுற்றி நிறவளையம் தோன்றக்கூடும் என்பது இதன் குறை.

மூன்றாவது வழி, நமது நோக்கில் மிக முக்கியமானது, வில்லையைச் சுருக்காது விம்பத் தளத்தைச் சுருக்குவதாகும். பழைய படச்சுருளின் அளவான 36 மி.மீ. × 24 மி.மீ. தளத்திற்குப் பதிலாக 17.3 மி.மீ. × 13 மி.மீ. அளவுள்ள உணரி பயன்படுத்தப்படும்போது, 300 மி.மீ. வில்லை பெரிய தளத்தில் 600 மி.மீ. வில்லை காட்டும் குறுகிய காட்சிக்கோணத்தையே காட்டும். விளம்பரங்கள் இதனை "தூரம் இரட்டிப்பாகிறது" என்கின்றன. இங்கேதான் வாசகர் விழிப்பாயிருத்தல் வேண்டும். தூரம் இரட்டிப்பாகவில்லை, சட்டம் சிறுத்தது. அவ்வளவே.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். விம்பத்தின் அளவு என்பது குவியத்தூரத்தைப் பறவையின் அளவால் பெருக்கித் தூரத்தால் வகுப்பதனாற் பெறப்படும். 20 செ.மீ. நீளமுள்ள குண்டுகரிச்சான் ஒன்று 15 மீற்றர் தொலைவில் இருப்பின், 300 மி.மீ. வில்லை தரும் விம்பம் 4 மி.மீ. ஆகும். பெரிய உணரியில் அது உயரத்தில் ஆறிலொரு பங்கு. சிறிய உணரியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. விம்பம் இரண்டிலும் அதே 4 மி.மீ. தான்.

அவ்வாறாயின் இழப்பு எங்கே? அது ஒளியில் இருக்கின்றது. ஒரு குறிப்பிட்ட தொலைவிலிருந்து, ஒரு குறிப்பிட்ட நேர அளவினுள், பறவையின் உடலிலிருந்து கமெராவினுள் வரும் ஒளியின் அளவைத் தீர்மானிப்பது வில்லையின் உள்வாயிலின் பரப்பேயன்றி வேறொன்றுமன்று. எஃப்/4 துவாரமுள்ள 600 மி.மீ. வில்லையின் வாயில் 150 மி.மீ. விட்டமுடையது. அதே துவார எண்ணைக் கொண்ட 300 மி.மீ. வில்லையின் வாயில் 75 மி.மீ. மட்டுமே, பரப்பில் நான்கிலொரு பங்கு. கனொன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட, ஒரு கிலோகிராமிலும் குறைந்த எடையுள்ள எஃப்/11, 600 மி.மீ. வில்லையின் வாயில் 55 மி.மீ. அளவினது, பெரு வில்லை பெறும் ஒளியில் ஏழிலொரு பங்கினும் குறைவாகவே அது பெறும். துவார எண்ணை மட்டும் பார்த்து இரு வேறு உணரிகளின் வில்லைகளை ஒப்பிடுவோர் இவ்வடிப்படையை மறந்துவிடுகின்றனர். குறைந்த ஒளி என்பது படத்தில் குறுணையாக, இரைச்சலாக வெளிப்படும். இறகின் நுண்வரிகளே முதலில் அழியும். இன்றைய கணினி மென்பொருள்கள் அக்குறுணையைத் துடைத்துவிடுகின்றன என்பது உண்மையே. ஆயின் துடைத்த இடத்தில் இறகு போன்ற ஒன்றை அவை தாமே வரைந்தும் விடுகின்றன. அழகுப் படத்திற்கு அது போதும். உள்ளான் இனங்களை இறகோரத்தின் நிறங்கொண்டு பிரித்தறிய வேண்டிய ஆய்வாளனுக்கு அது கேடு.

இனி, கூர்மையைப் பொறுத்தவரையில் சிறு வில்லை தாழ்ந்ததெனக் கருதுவது தவறு. 75 மி.மீ. வாயிலுள்ள வில்லை, ஒளியியற் கோட்பாட்டின்படி, 100 மீற்றர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டவல்லது. நடைமுறையில் நமது களப்புகளில் இந்நிலை எய்தப்படுவதில்லை. காரணம் வில்லையன்று, காற்று. மன்னார்ப் பெருநிலத்திலும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரைகளிலும் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பின்னர் வெப்பமடைந்த சேற்றிலிருந்து எழும் காற்று நடுங்கத் தொடங்குகின்றது. அந்நடுக்கத்தினூடே 200 மீற்றர் தொலைவிலுள்ள பூநாரையைப் படமெடுப்பவர், அவர் கையில் உள்ளது எவ்வளவு விலையுயர்ந்த வில்லையாயினும், கொதிக்கும் பாலினூடே பார்த்தவராவர். அத்தூரத்தில் பெரு வில்லைக்காரரும் சிறு வில்லைக்காரரும் சமமாகின்றனர் என்பது ஒரு வகையில் ஆறுதலானதே.

எனவே தீர்வு கிட்ட இருத்தலிலும், ஒளியுள்ள நேரத்தை அறிதலிலும் தங்கியுள்ளது. பறவையைத் துரத்துதல் கிட்ட இருத்தலாகாது. ஒவ்வொரு பறவைக்கும் மனிதரை அணுகவிடும் எல்லையொன்று உண்டு. அது இனத்திற்கு மட்டுமன்றி, இடத்திற்கும் அனுபவத்திற்கும் ஏற்ப வேறுபடுவது. வயலில் உழவியந்திரத்தின் பின்னே சில மீற்றர் தூரத்தில் நடந்துவரும் கொக்கு, களப்பில் நடந்துவரும் அந்நியரைக் கண்டு வெகுதூரத்திலேயே எழுந்துவிடும். வலை விரிக்கும் வள்ளத்தைச் சட்டை செய்யாத பறவை, வீதியில் வாகனத்தை நிறுத்தி இறங்குபவரைச் சட்டை செய்யும். பறவை அஞ்சுவது மனித உருவத்தை அன்று, தனக்குப் பழக்கமில்லாத மனிதச் செயலை என்பதே களத்திற் காணும் உண்மையாகும். இதன் பொருள் தெளிவானது: களப்பிலும் வயலிலும் அன்றாடம் தொழில் செய்வோர், தலைநகரிலிருந்து வரும் பெரு வில்லைக்காரருக்கு எட்டாத அண்மையை ஏற்கெனவே உடையவர்கள். அவர்களுக்கு 600 மி.மீ. வில்லையின் தேவை இல்லை. தோளில் தொங்கவிட்டுக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் செல்லத்தக்க ஒரு கருவியே தேவை.

மீன்கொத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஒரு கம்பத்திலிருந்தோ கம்பியிலிருந்தோ பாய்ந்து இரை பிடித்தபின் பெரும்பாலும் அதே இடத்திற்கு மீளும். பறவையைத் தேடாது, கம்பத்தைத் தேடி, ஞாயிறு முதுகுப்புறமிருக்க, அது இல்லாத வேளையில் அமர்ந்துகொண்டால் 10 மீற்றர் என்பது எட்டாத தூரமன்று. பூநாரைக் கூட்டமோ வேறு வகையில் நமக்கு அறிவிப்புத் தருகின்றது. தலைகள் நீரினுள் இருக்கும்வரை அவை நம்மைப் பொருட்படுத்தவில்லை. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, கூட்டம் ஒரு திசையில் நடக்கத் தொடங்கினால் நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம். அதன் பின்னும் முன்னேறுபவர் பெறுவது பறந்தோடும் பறவைகளின் முதுகுகளையே. நெடுந்தூரம் கடந்து வந்த பறவை உண்ணும் நேரத்தை நாம் பறித்துக்கொண்டோம் என்பது வேறு.

ஒளியின் நேரம் பற்றிக் கூறுமிடத்து ஆறுமணிக்குருவியை நினையாதிருக்க இயலாது. செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரில் அளவில் மீளும் இவ்வண்ணப் பறவை, காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. பெயரே ஒரு களக்குறிப்பு. அப்பெயரை இட்டவர்கள் இப்பறவையின் நாளொழுங்கை அவதானித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது குரல் கொடுக்கும் வேளை சிறு வில்லைக்கு மிகவும் பாதகமான வேளை. அது நடமாடும் இடமோ மர நிழல். இங்கு ஒளி போதாமையை ஈடு செய்வது கதவுவேகத்தைக் குறைப்பதொன்றே. நவீன அதிர்வு தணிப்பு அமைப்புகள் நமது கை நடுக்கத்தை நீக்கும். பறவையின் அசைவை நீக்கா. ஆனால் ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித் துள்ளிச் சென்றபின் ஒரு கணம் சிலைபோல நிற்கும் இயல்புடையது. அக்கணத்தில் செக்கனின் அறுபதிலொரு பங்கும் போதும். துள்ளும்போது ஆயிரத்திலொரு பங்கும் போதாது. இவ்வாறு, வில்லையின் வாயிலில் இழந்த ஒளியைப் பறவையின் ஒழுங்கு பற்றிய அறிவால் மீட்க முடிகின்றது. பறக்கும் பறவைக்கு இது பொருந்தாது. அங்கு செக்கனின் இரண்டாயிரத்திலொரு பங்கு வேண்டும், வெயிலும் வேண்டும். சிறு கருவியால் மாலை மங்கலில் பறக்கும் ஆந்தையை எடுக்க முனைவது வீண்முயற்சி.

சிறு கருவிக்கேயுரிய ஆபத்தொன்றும் உண்டு. அது நம்மைக் கிட்டச் செல்லத் தூண்டுகின்றது. கிட்டச் செல்வதற்கு மிக இலகுவான இடம் கூடு. தாய்ப்பறவை அங்கு திரும்பி வந்தே ஆகவேண்டும். கியட்டன் சகோதரரும், அவர்களுக்குப் பின் பிரித்தானியாவில் புகழ்பெற்ற எரிக் ஹொஸ்கிங்கும் கூட்டையே மையமாகக் கொண்டனர். 1937இல் ஆந்தைக் கூட்டருகே தாக்கப்பட்டு ஹொஸ்கிங் ஒரு கண்ணை இழந்தார். அவர்கள் காலத்துக் கருவிகளின் வரையறை அது என்று கூறலாம். இன்று அவ்வாறு கூற இயலாது. நமது வெப்பநாட்டில் விளைவு இன்னுங் கொடியது. ஆள்காட்டி, ஆலா போன்ற பறவைகள் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. நண்பகலில் தாய்ப்பறவை அடைகாப்பது முட்டைக்குச் சூடு தருவதற்கன்று, நிழல் தருவதற்காகும். ஒளிப்படக்காரர் ஒருவர் சிறிது நேரம் அருகே நின்றாலே முட்டைகள் வெந்துவிடக்கூடும். மனிதர் நின்ற இடத்தைக் காகம் கவனித்துக்கொள்ளும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே வரவழைக்கும் பழக்கமும் இவ்வகையினதே. தன் எல்லையைக் காக்க ஓடிவரும் பறவை இல்லாத எதிரியோடு போரிட்டுக் களைக்கின்றது.

இவ்வளவு கவனத்துடன் பெற்ற படம் எதற்குப் பயன்படும் என்பதே இறுதி வினா. சுவரில் மாட்டுவதற்கு என்றால் இக்கட்டுரையை எழுதவேண்டிய அவசியமில்லை. வடபுலத்தின் பெரும்பகுதி போர்க்காலத்தில் தொடர்ச்சியான கள ஆய்விற்கு எட்டாததாயிருந்தது. பின்னர் வங்காலைச் சரணாலயம் 2010இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாயிற்று. 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவாற் மின்திறனுள்ள நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் மன்னாரிலும் பூநகரியிலும் இந்தியத் தனியார் நிறுவனமொன்று அமைக்கவிருந்த காற்றாலைத் திட்டம், வலசைப் பறவைகளைக் காரணங்காட்டியும் எதிர்க்கப்பட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பது இங்கு நமது விவாதமன்று. நிலக்கரிப் புகையும் பறவைக்கு நண்பனன்று. ஆயின் எந்தப் பறவை, எந்த மாதத்தில், எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் பறக்கின்றது என்ற வினாக்கள் எழும்போது, விடை கூறும் ஆதாரம் யார் கையில் இருக்கின்றது என்பது நமது விவாதமே.

திகதி, நேரம், இடம் ஆகியவற்றோடு கூடிய ஒளிப்படம் அத்தகைய ஓர் ஆதாரம். முன்னே கூறிய கணக்கைத் தலைகீழாக்கினால் அது தூரத்தையும் கூறும். விரிந்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றரான பூநாரையொன்று 300 மி.மீ. வில்லையில் 3 மி.மீ. விம்பமாக விழுந்தால் அது 150 மீற்றர் தொலைவில் உள்ளது. கமெராவின் சாய்கோணமும் குறிக்கப்பட்டிருந்தால் உயரத்தையும் மதிப்பிடலாம். சிறகு முழுமையாக விரியாதபோதும் பறவை சரிந்து பறக்கும்போதும் பிழை ஏற்படும். எனவே இது தோராயமே. ஆயினும் பத்துப் பேர் ஒரு பருவம் முழுவதும் எடுத்த தோராயங்கள், ஒருவரும் எடுக்காத நுட்பங்களிலும் மேலானவை. வலசைப் பறவைகளின் கால்களில் ஆய்வாளர் இடும் வளையங்களையும் நிறக்கொடிகளையும் சிறு வில்லையால் எடுத்த படத்திலிருந்தே படித்துவிடலாம்; அவ்வெழுத்துகள் அப்பறவை எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும்.

இவ்வாதாரத்தின் குறைபாட்டையும் நேர்மையாகக் கூறவேண்டும். படம் இருப்பதைக் காட்டும், இல்லாமையைக் காட்டாது. மக்கள் அழகான, பெரிய பறவைகளையே எடுப்பர். மன்னாரில் ஏ 14 வீதியோரத்தில் நின்றபடி எடுப்பர். வீதியிலிருந்து தெரியாத சதுப்பில் மங்கலான நிறமுள்ள உள்ளான்கள் ஆயிரம் நின்றாலும் அவை பதிவாகா. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்னும் உலகளாவிய பதிவேடு, கண்ட பறவைகள் அனைத்தையும், செலவிட்ட நேரத்தையும் சேர்த்தே கேட்பது இக்காரணம் பற்றியே. மாணவர் குழுவொன்று ஒரே குளக்கட்டை ஒவ்வொரு கிழமையும் ஒரே நேரத்தில் நடந்து, கண்டதை எண்ணி, எடுத்த படங்களை வெட்டாது மூலவடிவிலேயே பேணி, பறவையோடு அது நின்ற நிலத்தையும் ஒரு படமாக எடுத்து வைத்தால், அது பரிசு பெறும் பத்துப் படங்களிலும் மதிப்புடையது. இக்கருவிகளும் மலிவானவையல்ல, புதிதாக வாங்கின் ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியன. ஒரு கருவியைப் பாடசாலையோ சங்கமோ பொதுவில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. வாரம் ஒருமுறை நடக்கும் குழுவிற்கு ஒரு கருவி போதும்.

தமிழ்ச் சங்கம் என்ற வகையில் நமக்கேயுரிய வேலையொன்றும் இதில் உண்டு. இப்படங்கள் இன்று பெரும்பாலும் ஆங்கிலப் பெயரோடும் விஞ்ஞானப் பெயரோடும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. தமிழ்ப் பெயர் தேவைப்படும்போது ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து ஒன்றைச் செய்துகொள்கின்றனர்; ஆறுமணிக்குருவி போன்ற பெயரை அவ்வாறு எந்த மேசையிலிருந்தும் செய்திருக்க முடியாது. மீனவரிடமும் கமக்காரரிடமும் வாய்மொழியாகப் பறவையை விவரித்துப் பெயர் கேட்டால் குழப்பமே மிஞ்சும். கமெராவின் பின்திரையில் சற்றுமுன் எடுத்த படத்தைக் காட்டினால் பெயரோடு, அது வரும் மாதம், மேயும் நீர்மட்டம், எந்த மீனின் பின்னே வரும் என்பதும் சேர்ந்தே கிடைக்கும். ஒரே பறவைக்கு மன்னாரில் ஒரு பெயரும் மட்டக்களப்பில் வேறொரு பெயரும் இருப்பின் இரண்டையும் சொன்னபடியே, சொன்ன ஊரோடும் திகதியோடும், படத்தின் பக்கத்தில் எழுதி வைத்தல் வேண்டும். எது சரியான பெயர் என்ற தீர்ப்பைப் போதிய படங்கள் சேர்ந்த பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.